கம்பிக்குப் பக்கத்தில் ஓடும் மின்துகள்: விசை எந்தப் பக்கம்? படிப்படியான முழு வழிகாட்டி

நீளமான நேர்க்கம்பியில் மின்னோட்டம் போகிறது, பக்கத்தில் ஒரு எலக்ட்ரான் ஓடுகிறது, அதன் மேல் காந்த விசை எந்தத் திசையில்? பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இந்தக் கேள்வி வந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இரண்டு கையையும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கும்பகோணம் பக்கம் சாயங்கால டியூஷனில் நான் வருஷா வருஷம் பார்க்கிற காட்சி இது. இவர்களில் யாருக்கும் விதி தெரியாமல் இல்லை. வலக்கை பெருவிரல் விதி, ஃபிளெமிங் இடக்கை விதி இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எதை முதலில் போடுவது, எந்த இடத்துக்குப் போடுவது, எப்போது நிறுத்துவது என்ற வரிசைதான் தெரிவதில்லை.

ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மின்துகள் இருக்கிற இடத்தில் கம்பி எந்தத் திசையில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்பது முதல் கேள்வி. அந்தப் புலம் ஓடுகிற துகளை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு வலக்கை, இரண்டாவதற்கு இடக்கை. நடுவில் ஒரு வரி எழுத வேண்டும். மொத்த வழிமுறையும் இதுதான். கீழே இருப்பதெல்லாம் இதை எப்படிப் பிசகாமல் செய்வது என்பது பற்றி.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

தாள், பென்சில். கூடவே தென்னை ஓலையிலிருந்து கிழித்த ஈர்க்குச்சி ஒன்று, அதை நிமிர்த்தி நிறுத்தக் கைப்பிடிக் களிமண், பழைய நோட்டு அட்டையில் வெட்டிய வளையம் ஒன்று. ஈர்க்குதான் கம்பி. வளையத்தின் மேல்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும்படி நாலைந்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ஈர்க்கில் மின்னோட்டம் கீழிருந்து மேலே போகிறது என்று வைத்துக்கொண்டால், வளையத்தின் அம்புகள்தான் காந்தப்புலத்தின் திசை. இதை ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தால் போதும், அப்புறம் படம் மனதில் நின்றுவிடும். தட்டையான தாளில் இருக்கிற படத்தை முப்பரிமாணத்தில் பார்க்கத் தெரியாததுதான் பாதிப் பிரச்சினை, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து குறியீடு. தாளிலிருந்து வெளியே நம்மைப் பார்த்து வரும் திசைக்கு வட்டத்துக்குள் புள்ளி ⊙, தாளுக்குள் போகும் திசைக்கு வட்டத்துக்குள் பெருக்கல் குறி ⊗. எதிரே வரும் அம்பின் முனை புள்ளியாகத் தெரியும், விலகிப் போகும் அம்பின் வால் இறகு பெருக்கல் குறி மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

கடைசியாக முக்கியமான ஒன்று: விதியைப் போடும்போது பென்சிலைக் கீழே வையுங்கள். வலக்கையில் பென்சில் இருப்பதால் சும்மா இருக்கிற இடக்கையைத் தூக்கிப் பெருவிரல் விதியைப் போட்டுவிட்டு, புலத்தைத் தலைகீழாக எழுதுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பரீட்சை அவசரத்தில் இது இன்னும் அதிகம்.

2. கேள்வியிலிருந்து நான்கு விவரங்களைப் பிரித்து எழுதுங்கள்

கம்பியில் மின்னோட்டம் எந்தத் திசை? துகள் கம்பிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? எந்தப் பக்கம் ஓடுகிறது? அது நேர்மின்னா, எதிர்மின்னா? இந்த நான்கும் தாளில் ஏறும்வரை கையைத் தூக்க வேண்டாம்.

இங்கே மூன்று இடத்தில் தடுக்கும். முதலாவது, மின்னோட்டத்தின் திசை என்பது மரபு மின்னோட்டத்தின் திசை, அதாவது நேர்மின் போகும் திசை. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் தெற்கே நகர்கின்றன என்று கேள்வியில் இருந்தால் மின்னோட்டம் வடக்கே என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, துகள் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். அசையாமல் இருக்கும் மின்துகள் மேல் காந்த விசை கிடையாது. கம்பியின் மின்சாரம் எலக்ட்ரானைத் தானாக இழுக்காதா என்று கேட்பார்கள். கம்பிக்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் சம அளவில் இருப்பதால் இந்தக் கணக்குகளில் கம்பியை மின்நடுநிலையானதாகத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, இந்த முறை ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்துக்கானது. வயல் பம்புசெட்டுக்குப் போகிற லைனை எடுத்துக்காட்டாகச் சொல்லி, "சார், அதுக்குப் பக்கத்துல எலக்ட்ரான் ஓடினா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அது 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 100 முறை திசை மாறும், கூடவே புலமும் விசையும் மாறும். குறிப்பிட்ட ஒரு கணத்தில் மின்னோட்டம் எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் அங்கே விடை சொல்ல முடியும்.

3. வலக்கை: துகள் இருக்கும் இடத்தில் புலம்

வலக்கையால் கம்பியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் மின்னோட்டத்தின் திசையில். மடங்கிய விரல்கள் சுற்றும் பக்கம் புலம் சுற்றுகிறது.

எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தவறு இங்கேதான் முளைக்கிறது. "புலம் கம்பியைச் சுற்றி இருக்கிறது" என்பது விடை இல்லை. துகள் நிற்கிற அந்த ஒரு புள்ளியில் விரல்நுனி எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதுதான் விடை. ஆகவே மனதில் விரல்களைச் சுற்றிக்கொண்டே வந்து துகளின் இடத்தில் நிறுத்துங்கள்.

தாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, மின்னோட்டம் தாளின் மேல்விளிம்பை நோக்கிப் போவதாக வையுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் விரல்கள் தாளுக்குள் குத்துகின்றன: ⊗. இடப்பக்கம் தாளிலிருந்து வெளியே வருகின்றன: ⊙. கம்பியின் ஒரு பக்கம் முழுக்க ⊗, மறுபக்கம் முழுக்க ⊙. தூரம் கூடக்கூடப் புலம் வலுக்குறையும், ஆனால் அதே பக்கத்தில் இருக்கும்வரை திசை மாறாது. கொஞ்சம் தள்ளி இருக்கிறதே, திசை மாறுமா என்று சந்தேகப்படத் தேவையில்லை.

4. எழுதுங்கள், பிறகு கம்பியை மறந்துவிடுங்கள்

"துகள் இருக்கும் இடத்தில் புலம்: தாளுக்குள்." இந்த ஒரு வரியை எழுதுங்கள். எழுதிய பிறகு படத்தில் கம்பியைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்வேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருக்கும், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

காரணம் இது. இடக்கை விதியில் நடுவிரல் "மின்னோட்டம்" என்று முந்தைய வகுப்புகளிலேயே பதிந்துபோயிருக்கிறது. கேள்வியிலும் கம்பியில் மின்னோட்டம் என்று இருக்கிறது. உடனே நடுவிரலைக் கம்பியின் பக்கம் நீட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பியின் வேலை மூன்றாம் படியிலேயே முடிந்துவிட்டது. புலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. இனிமேல் நடுவிரல் காட்ட வேண்டியது துகளின் ஓட்டத்தைத்தான். கம்பி கண்ணில் படாமல் இருந்தால் இந்தத் தவறு வராது.

5. இடக்கை: விசை

இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரல் புலம். நடுவிரல் நேர்மின் துகள் ஓடும் திசை. பெருவிரல் விசை.

மேலே சொன்ன படத்தில், கம்பிக்கு வலப்பக்கம் ஒரு புரோட்டான் மின்னோட்டத்துக்கு இணையாக மேல்நோக்கி ஓடுகிறது என்று வைப்போம். தாளை மேஜையில் வையுங்கள். புலம் ⊗, அதனால் சுட்டுவிரல் தாளைக் குத்தட்டும். நடுவிரல் தாளின் மேல்விளிம்பைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்புங்கள். பெருவிரல் தானாக இடப்பக்கம், கம்பியை நோக்கி வந்து நிற்கும். புரோட்டான் கம்பியின் பக்கம் இழுக்கப்படுகிறது.

விரல்களை வைக்கும்போது எப்போதும் சுட்டுவிரலை முதலில் நிறுத்துங்கள், பிறகு அதை அச்சாக வைத்து நடுவிரலைத் திருப்புங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் பொருத்தப் பார்த்தால் தோள்பட்டை வலிக்கும், கடைசியில் கையை மாற்றிவிடத் தோன்றும். கை வளையவில்லை என்றால் தாளைத் திருப்புங்கள், கையை மாற்றாதீர்கள்.

6. எலக்ட்ரானா? கடைசியில், ஒரே ஒரு முறை திருப்புங்கள்

எதிர்மின் துகளுக்கு விசை நேர் எதிர்ப்பக்கம். இதை எங்கே செய்வது என்பதில்தான் சிக்கல். நடுவிரலை எலக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிராக வைக்கலாம், அது சரியான முறைதான். ஆனால் அப்படி வைத்துவிட்டு, விடை எழுதும்போது "எலக்ட்ரான் ஆச்சே" என்று மறுபடி ஒரு முறை திருப்பிவிடுகிறார்கள். இரண்டு முறை திருப்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

அதனால் எல்லாத் துகளையும் முதலில் நேர்மின்னாகவே எடுத்துக்கொண்டு ஐந்தாம் படியை முடியுங்கள். பிறகு தனி வரியில் "எலக்ட்ரான், எனவே எதிர்த்திசை" என்று எழுதி ஒரு தடவை திருப்புங்கள். எழுதியிருப்பது கண்ணில் படும்போது மறுபடி திருப்ப மாட்டீர்கள்.

7. விடையைச் சரிபார்க்கும் வழி

இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கம்பியின் புலம் எப்போதும் கம்பியைச் சுற்றிப் போகும் திசையில் இருக்கிறது. விசை எப்போதும் புலத்துக்குச் செங்குத்து. அப்படியானால் விசை ஒருபோதும் கம்பியைச் சுற்றிப் போகும் திசையில் இருக்க முடியாது. அது கம்பியும் துகளும் சேர்ந்திருக்கும் தளத்துக்குள்ளேயேதான் இருக்கும். கம்பியைத் தாளில் வரைந்து, துகளும் அதே தாளில் இருந்தால் விசையும் தாளின் பரப்பிலேயேதான். "விசை ⊙" என்றோ "விசை ⊗" என்றோ விடை வந்திருந்தால் எங்கோ தப்பு, திரும்பிப் போங்கள்.

அதற்கு மேல், நேர்மின் துகளுக்கு நான்கு விடைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். மின்னோட்டத்தின் திசையிலேயே ஓடினால் கம்பியை நோக்கி இழுப்பு. எதிர்த்திசையில் ஓடினால் கம்பியிலிருந்து விலக்கம். கம்பியை விட்டு நேராக விலகி ஓடினால் விசை மின்னோட்டத்தின் திசையில். கம்பியை நோக்கி ஓடினால் மின்னோட்டத்துக்கு எதிர்த்திசையில். துகள் கம்பிக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது. முதல் இரண்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரே திசையில் மின்னோட்டம் போகும் இரண்டு இணைக்கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று படித்திருப்பீர்கள், அங்கே நடப்பதும் இதே.

ஆனால் இவற்றைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். இதையே குறுக்குவழியாக மனப்பாடம் செய்தவர்கள் இரண்டு கம்பி, சாய்ந்த ஓட்டம் என்று வந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள்.

அளவும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். 10 ஆம்பியர் மின்னோட்டம், 5 செ.மீ. தூரம். புலம் = 2 × 10⁻⁷ × 10 ÷ 0.05 = 4 × 10⁻⁵ டெஸ்லா. நொடிக்கு 10⁶ மீட்டர் வேகத்தில் எலக்ட்ரான் ஓடினால் விசை = 1.6 × 10⁻¹⁹ × 10⁶ × 4 × 10⁻⁵ = 6.4 × 10⁻¹⁸ நியூட்டன். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் எலக்ட்ரானின் எடை 10⁻²⁹ நியூட்டன்கூட இல்லை. புவியீர்ப்பை இந்தக் கணக்குகளில் ஏன் கண்டுகொள்வதில்லை என்பதற்கு இதுதான் பதில்.

8. கிழக்கு, வடக்கு, மேல் என்று கேட்டால்

"தலைக்கு மேலே ஒரு கம்பியில் மேற்கிலிருந்து கிழக்காக மின்னோட்டம் போகிறது" என்று ஆரம்பிக்கும் கேள்விகள் வேறு மாதிரி குழப்பும், ஏனென்றால் இங்கே மேல் என்பது தாளின் மேல்விளிம்பு இல்லை, வானம். டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: தாளின் மேல்விளிம்பில் கொள்ளிடம், வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மேட்டூர். கொள்ளிடம் காவிரிக்கு வடக்கே ஓடுகிறது, தண்ணீர் மேட்டூர்ப் பக்கமிருந்து கிழக்கே கடலுக்குப் போகிறது, இது நம் எல்லாருக்கும் தெரியும். இப்போது தாளிலிருந்து வெளியே வருவது வானம், தாளுக்குள் போவது தரை.

கையை மடக்கி அலுத்தவர்களுக்கு இன்னொரு வழி. கிழக்கு, வடக்கு, மேல் என்ற வரிசையைச் சுற்றிச் சுற்றிச் சொல்லுங்கள்: கிழக்கு, வடக்கு, மேல், கிழக்கு, வடக்கு, மேல். ஓடும் திசையை முதலிலும் புலத்தை இரண்டாவதாகவும் எடுத்தால், வரிசையில் அடுத்து வருவது விசை. கிழக்கே ஓட்டம், வடக்கே புலம் என்றால் விசை மேலே. வடக்கே ஓட்டம், மேலே புலம் என்றால் விசை கிழக்கே. வரிசை பின்னோக்கிப் போனால் விடைக்கு எதிர்த்திசை. மேற்கு, தெற்கு, கீழ் வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் குறி. ஓட்டம் முதலில், புலம் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் விடை தலைகீழாகிவிடும்.

இப்போது அந்தக் கேள்வி. கம்பி தலைக்கு மேலே, மின்னோட்டம் கிழக்கே. கம்பிக்குக் கீழே வலக்கை விரல்கள் வடக்கைக் காட்டும் (கம்பிக்கு மேலே தெற்கைக் காட்டும்). கீழே ஒரு எலக்ட்ரான் கிழக்காக ஓடினால், நேர்மின்னுக்கு: கிழக்கு, வடக்கு, ஆகவே விசை மேலே. எலக்ட்ரான், எனவே கீழே. அதே எலக்ட்ரான் வடக்காக ஓடினால்? ஓட்டமும் புலமும் ஒரே திசை, விசை பூஜ்யம்.

9. சாய்ந்து ஓடினால்

விசை = மின்னூட்டம் × வேகம் × புலம் × சைன் கோணம். கோணம் என்பது ஓட்டத்துக்கும் புலத்துக்கும் இடையே உள்ளது. ஓட்டத்துக்கும் கம்பிக்கும் இடையே உள்ளது இல்லை. இந்த இடத்தில் மதிப்பெண் போகிறது. துகள் கம்பிக்கு 30 பாகை சாய்வாக ஓடுகிறது, இருவரும் ஒரே தாளில் இருக்கிறார்கள் என்றால், புலம் தாளுக்குச் செங்குத்து, ஆகவே கோணம் 90 பாகைதான். சைன் 30 போட்டு விடையைப் பாதியாக்கிவிடாதீர்கள்.

திசைக்கு, ஓட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: கம்பிக்கு இணையான பகுதி, கம்பிக்குச் செங்குத்தான பகுதி. ஒவ்வொன்றுக்கும் விசை கண்டு கூட்டுங்கள். கம்பியைச் சுற்றிப் போகும் பகுதி இருந்தால் அதற்கு விசை இல்லை, விட்டுவிடலாம்.

இன்னொன்று. நீங்கள் கண்டுபிடிக்கும் திசை அந்தக் கணத்துக்கு மட்டும். விசை துகளைத் திருப்பியதும் ஓட்டத்தின் திசை மாறும், விசையும் கூடவே திரும்பும். வேகம் கூடாது, குறையாது. திசை மட்டும் மாறும்.

10. இரண்டு கம்பிகள்

முதலில் புலங்களைக் கூட்டுங்கள், பிறகு ஒரே ஒரு முறை இடக்கை. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக விசை கண்டு கூட்டினாலும் விடை சரியாக வரும், ஆனால் இடக்கையை இரண்டு முறை போட வேண்டும், தப்புக்கும் இரண்டு வாய்ப்பு.

20 செ.மீ. இடைவெளியில் இரண்டு செங்குத்துக் கம்பிகள், இரண்டிலும் மின்னோட்டம் மேல்நோக்கி, இடக்கம்பியில் 6 ஆம்பியர், வலக்கம்பியில் 2 ஆம்பியர். நட்டநடுவில் இடக்கம்பியின் புலம் ⊗, 1.2 × 10⁻⁵ டெஸ்லா. வலக்கம்பியின் புலம் ⊙, 0.4 × 10⁻⁵ டெஸ்லா. நிகரம் ⊗, 0.8 × 10⁻⁵ டெஸ்லா. மேல்நோக்கி ஓடும் புரோட்டான் இடப்பக்கம் இழுக்கப்படும். இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம் என்றால் நடுவில் நிகரப் புலமே இல்லை, விசையும் இல்லை. மின்னோட்டங்கள் எதிரெதிர் என்றால் நடுவில் இரண்டு புலமும் ஒரே பக்கம், கூட்ட வேண்டும்.

வளையம், வரிச்சுருள் வந்தால் வலக்கையின் வேலைப்பங்கீடு மாறும்: மடங்கிய விரல்கள் மின்னோட்டம், பெருவிரல் உள்ளே இருக்கும் புலம். நான்காம் படியிலிருந்து எல்லாம் பழையபடியே. வரிச்சுருளின் அச்சு வழியே ஓடும் துகளுக்கு விசை இல்லை. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றையைத் திரை முழுக்க வளைத்து ஓட்டியதும் கழுத்துப் பகுதியில் இருக்கிற சுருள்களின் புலம்தான். பார்க்கிறேன் என்று அதைத் திறக்க வேண்டாம், உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

11. மூன்றாம் படியைக் கண்ணால் பார்க்க

ஒரு திசைகாட்டி, 1.5 வோல்ட் பேட்டரி, அரை மீட்டர் செம்புக் கம்பி. திசைகாட்டிக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஊசிக்கு இணையாகத் தெற்கு வடக்காகக் கம்பியைப் பிடியுங்கள். கம்பியின் தெற்கு முனையைப் பேட்டரியின் நேர்முனையில் தொடவும், வடக்கு முனையை எதிர்முனையில். ஊசியின் வடமுனை மேற்காகத் திரும்பும். வலக்கையைப் போட்டுப் பாருங்கள், கம்பிக்குக் கீழே விரல்கள் மேற்கைத்தான் காட்டும். கம்பியை ஊசிக்குக் கீழே வைத்தால் கிழக்கே திரும்பும்.

இரண்டு நொடிக்கு மேல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கம்பி சூடாகும். பைக் பேட்டரி வேண்டாம், வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுகிடையாக வடக்கு நோக்கி, சுமார் 4 × 10⁻⁵ டெஸ்லா இருக்கிறது. ஏழாம் படியில் கணக்கிட்ட 10 ஆம்பியர் கம்பியின் புலமும் ஏறக்குறைய இதே அளவுதான். அதனால்தான் கம்பியை ஊசிக்கு நெருக்கமாகப் பிடிக்கச் சொன்னேன். தள்ளிப் பிடித்தால் பூமி ஜெயித்துவிடும்.

12. போட்டுப் பார்க்க மூன்று

அ) தாளுக்குச் செங்குத்தான கம்பி, மின்னோட்டம் ⊙. கம்பிக்கு வலப்பக்கம் ஒரு எலக்ட்ரான் வலப்பக்கமாகவே விலகி ஓடுகிறது.

ஆ) தலைக்கு மேலே கம்பி, மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. கீழே ஒரு புரோட்டான் மேற்காக ஓடுகிறது.

இ) இரண்டு இணைக்கம்பிகள், தலா 4 ஆம்பியர், எதிரெதிர்த் திசை. நட்டநடுவில் ஒரு எலக்ட்ரான் நிற்கிறது.

விடைகள். (இ) பூஜ்யம்: புலம் இருக்கிறது, ஓட்டம் இல்லை. (ஆ) பூஜ்யம்: அங்கே புலம் மேற்கு, ஓட்டமும் மேற்கு. (அ) துகளின் இடத்தில் புலம் தாளின் மேல்விளிம்பை நோக்கி. நேர்மின்னுக்கு விசை ⊙. எலக்ட்ரான், எனவே ⊗. இதைப் பார்த்துவிட்டு, விசை தாளுக்கு உள்ளே போகக் கூடாது என்று சொன்னீர்களே என்று கேட்கலாம். அந்தச் சரிபார்ப்பு கம்பி தாளில் படுத்திருக்கும்போது. இங்கே கம்பி தாளைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது, ஆகவே கம்பியும் துகளும் இருக்கும் தளமும் தாளைத் துளைத்துத்தான் போகிறது, விசை அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் தாளில் ஈர்க்குச்சியைக் குத்தி நிறுத்திப் பாருங்கள்.